தெரிந்த ஒரே ஜெபம்

ஆஸ்பத்திரி இயந்திரங்களைப் பழுதுபார்ப்பது அந்த மெக்கானிக்கின் பிழைப்பு. இப்போது அவர் மகளுக்கு மூச்சு கொடுத்துக்கொண்டிருந்த வென்டிலேட்டரைப் போன மாதம் சரிசெய்தவரே அவர்தான். அதில் ஒரு குறையும் இல்லை. குறை மகளின் நுரையீரலில் இருந்தது. அங்கே ஸ்க்ரூடிரைவருக்கு வேலையில்லை.

பன்னிரண்டு வருடமாக மனைவியைச் சர்ச் வாசலில் இறக்கிவிட்டு, ஆராதனை முடியும்வரை வண்டியிலேயே பேப்பர் படிப்பவர் அவர். கடவுளோடு சண்டையெல்லாம் இல்லை. ஒரு ஞாயிறு வேலை, அடுத்த ஞாயிறு தூக்கம், அப்படியே விட்டுப்போயிற்று. "உள்ள வந்தா கூரை என்ன இடிஞ்சா விழும்?" என்று கேட்டுக் கேட்டு மனைவிக்கே அலுத்துவிட்டது.

"இனி எங்க கையில ஒண்ணுமில்ல" என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போனார்.

மனைவி அவர் பக்கம் திரும்பினாள். "நீங்க ஜெபம் பண்ணுங்க. எனக்கு வார்த்தையே வரல."

கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு முழங்காலிட்டார். மனத்தை எவ்வளவு துழாவியும், சின்ன வயதில் சாப்பாட்டுக்கு முன் அம்மா சொல்லவைத்த ஜெபம் மட்டும்தான் அகப்பட்டது.

"ஆண்டவரே, நீர் தந்த இந்த ஆகாரத்துக்காக ஸ்தோத்திரம். இல்லாதவர்களுக்கும் தாரும்."

எதிரே தட்டும் இல்லை, சோறும் இல்லை. மனைவி அவரைத் திருத்தவில்லை. கண்ணை மூடிக்கொண்டு "ஆமென்" என்றாள்.

வென்டிலேட்டர் அதே தாளத்தில் இழுத்து விட்டுக்கொண்டிருந்தது. அவருக்கு எழ மனமில்லை. வேறு ஜெபமும் தெரியாததால் அதையே முதலிலிருந்து ஆரம்பித்தார். "இல்லாதவர்களுக்கும்" என்ற இடம் வந்ததும், அதற்கு மேல் சொல்ல முடியவில்லை.