பன்னிரண்டு சொம்பு

எல்லாமே சரியாக இருந்தது. டெலிபோன் மட்டும் வேலை செய்யவில்லை.

ஞானையா துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, மேஜைமேல் இருந்த இரண்டு பெட்டிகளையும் மாறி மாறிப் பார்த்தார். பட்டாளத்தில் கழித்துப்போட்ட டெலிபோன்கள். பக்கவாட்டில் ஒரு கைப்பிடி இருக்கும். அதைச் சுற்றினால் எதிர்ப்பெட்டியில் மணி அடிக்கும். 1961-ல் அவரும் கஸ்தூரிரங்கனும் மூர் மார்க்கெட்டில் பேரம் பேசி வாங்கிவந்தவை. இந்தப் பதின்மூன்று வருஷமாகக் கிழக்குத் தாம்பரத்தில் அவர்கள் இருவர் வீட்டுக்கும் நடுவில் இருந்த காலிமனையைத் தாண்டி, ஒரே ஒரு செம்புக் கம்பி வழியாக அவை பேசிக்கொண்டிருந்தன.

இரண்டையும் ஒரே மேஜையில் வைத்து, இரண்டு துண்டுக் கம்பியால் இணைத்துக் கைப்பிடியைச் சுற்றினார். மணி வீடே அதிரும்படி அடித்தது. சமையலறையில் கரண்டி விழுந்தது.

"இன்னும் எத்தனை தடவ?" என்றாள் அவர் மனைவி ரத்தினபாய். "அடிக்குதுன்னுதான் தெரியுதே!"

"இங்க அடிக்குது. அங்க கொண்டுபோய் வச்சா ஊமையாயிடுதே, அதுதான் விஷயம்!"

பேட்டரி புதிது. கம்பியைக் கழற்றி இறக்கி, வளையமாகச் சுற்றி, ஒரு முனையில் பேட்டரியும் மறு முனையில் டார்ச் பல்பும் வைத்துப் பார்த்தாயிற்று. பல்பு பளிச்சென்று எரிந்தது. மறுபடியும் ஏணி போட்டுக் கம்பியைக் கட்டியாயிற்று. பெட்டி சரி, பேட்டரி சரி, கம்பி சரி. மூன்றும் சரியென்றால் கோளாறு எங்கே? முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் சொல்லிக்கொடுத்தவருக்கு இதைவிட அவமானம் வேண்டாம். அவமானம் ஒருபக்கம் இருக்கட்டும். ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னும் மூன்று நாள்தான் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை பம்பாய் மெயிலில் கஸ்தூரிரங்கனின் மனைவி சுந்தரவல்லிக்கு டிக்கெட் எடுத்திருந்தான் அவள் மகன் தோத்தாத்ரி. மாசியில் அப்பா காலமானதிலிருந்து அம்மா தனியாக இருக்கிறாள். அது அவனுக்குத் தூக்கம் கெடுக்கும் விஷயமாகிவிட்டது. சுந்தரவல்லிக்கோ இந்த வீட்டை விட்டுப் போவதென்றால் உயிர் போவது மாதிரி.

"ஆத்திர அவசரத்துக்கு ஞானையா அண்ணா இருக்கார். போன் இருக்கு. அப்பா விழுந்தப்பவே போன்லதானே கூப்பிட்டேன்? ரெண்டு நிமிஷத்துல ஓடி வந்தாரே" என்று அவள் வாதாடினாள்.

தோத்தாத்ரி போய்க் கைப்பிடியைச் சுற்றினான். பேச்சுமூச்சில்லை.

"இந்தப் போனா?" என்றான். பிறகு, பிள்ளை நல்லவன், கொஞ்சம் இறங்கிவந்தான். "சரி. ஞாயித்துக்கிழமைக்குள்ள இது வேலை செஞ்சா நீ இங்கேயே இரு. இல்லேன்னா கிளம்பு."

ரங்கன் இருந்திருந்தால் அரைமணியில் கண்டுபிடித்திருப்பான். ரயில்வேயில் சிக்னல் பிரிவில் மெக்கானிக். ஞானையாவுக்குத் தத்துவம் தெரியும். ரங்கனுக்குக் காரியம் தெரியும். அவர்கள் வளர்ந்த ஊரான சிங்கப்பெருமாள் கோவிலில் பத்து வயதில் தீப்பெட்டிக்கும் தீப்பெட்டிக்கும் நூல் கட்டி முதல் டெலிபோன் செய்தபோதே அப்படித்தான். நூல் விறைப்பாக இருந்தால்தான் குரல் அதிர்ந்து போகும் என்று ஞானையா விளக்கிக்கொண்டே இருந்தார். ரங்கன் பேசாமல் இழுத்துப் பிடித்துக்கொண்டு ஓடி, தெருக்கோடியில் நின்று, "டேய் ஞானம், கேக்குதாடா குரங்கே?" என்றான். கேட்டது!

இந்த நிஜ டெலிபோனுக்கும் ஒரு கம்பி என்பது ரங்கனின் யோசனைதான். மின்சாரம் போனால் மட்டும் போதாது, கிளம்பிய இடத்துக்குத் திரும்பியும் வரவேண்டும். அதனால் போக ஒரு கம்பி, வர ஒரு கம்பி என்று இரண்டு வேண்டும். செம்பு விற்கிற விலையில் அது முடியுமா? "வர்றதுக்குக் கம்பி எதுக்குடா? காலுக்குக் கீழ பூமி இருக்கே, அது வழியா வரட்டும்" என்றான் ரங்கன். ஆளுக்கொரு செம்புத் தகட்டைத் தங்கள் தோட்டத்தில் புதைத்து, பெட்டியிலிருந்து அதற்கொரு இணைப்புக் கொடுத்தார்கள். ஞானையா துணி துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் புதைத்தார். ரங்கன் தன் பின்சுவரோரம் புதைத்தான். அன்றைக்கு முதல் வார்த்தை அந்தப் பூமி வழியாகத்தான் வந்தது: "கேக்குதாடா குரங்கே?"

சனிக்கிழமை காலை ஞானையா கடைசியாக ஒருமுறை ரங்கன் வீட்டுக்குப் போய், பெட்டியை அதன் இடத்தில் திரும்ப மாட்டினார். தகட்டிலிருந்து மேலே வரும் கம்பியை இழுத்துப் பார்த்தார். கெட்டியாக இருந்தது. மண்ணுக்குள் இருப்பதைப் பற்றிக் கவலையில்லை. உலகத்தில் எது கெட்டாலும் பூமி கெட்டுப்போகுமா?

கத்திரி வெயில் காலை எட்டு மணிக்கே சுட்டது. உள்ளே தோத்தாத்ரி பெட்டி கட்டிக்கொண்டிருந்தான். சுந்தரவல்லி ஒரு டம்ளர் மோரோடு வந்தாள்.

"விடுங்கோ அண்ணா. எத்தனை நாள் வெயில்ல காய்வேள்? அவர் போனதுலேர்ந்தே அது கொஞ்சம் கொஞ்சமா தேஞ்சுண்டுதான் வந்துது. பங்குனியில உங்க குரல் கிணத்துக்குள்ள இருந்து வர்ற மாதிரி இருந்தது. சித்திரையில அதுவும் இல்லை. அவரோடயே போறதுன்னு வெச்சுண்டுட்டேன்."

"அப்படியெல்லாம் ஒண்ணும் போகாது தங்கச்சி. காரணம் இல்லாம எதுவும் நிக்காது."

"காரணம் என்ன, நீங்க சொல்லிக் குடுத்த பூஜையைப் பண்ண ஆளில்லை. அதான்."

மோர் டம்ளர் பாதியில் நின்றது.

"நான் சொல்லிக் குடுத்த பூஜையா?"

"பூஜையோ, ஜெபமோ. உங்க பக்கத்து வழக்கம்னாரே. கார்த்தால கார்த்தால இந்தச் சுவரோரம் பன்னெண்டு சொம்பு ஜலம் விடுவாரே! என்னன்னு கேட்டேன். ஏசுவுக்குப் பன்னெண்டு சிஷ்யா, ஆளுக்கொரு சொம்புன்னார். பேதுருவுக்கு ஒண்ணு, யோவானுக்கு ஒண்ணு. ஞானையா சொல்லிக் குடுத்தான்னார். சரி, சிநேகிதருக்காகப் பண்றார்னு நானும் விட்டுட்டேன். அவர் போனப்புறம் முறை தெரியாம நாம செய்யப்படாதுன்னு தொடலை."

ஞானையா மோர் டம்ளரைச் சுவர்மேல் வைத்தார்.

அந்தப் பன்னிரண்டு சொம்பை அவரும் பார்த்திருக்கிறார். தினமும் காலையில் அவர் தன் கிணற்றடியில் நின்று பல் தேய்ப்பார். காலிமனைக்கு அந்தப்பக்கம், சுவருக்குமேல் நெஞ்சுவரை ரங்கன் தெரிவான். குளித்துவிட்டு, கிழக்குப் பார்த்து, உதடு அசைய, சொம்பு சொம்பாகச் சாய்ப்பான். எண்ணிப் பார்த்திருக்கிறார், பன்னிரண்டு. பெருமாளுக்குப் பன்னிரண்டு நாமம் என்று ரங்கனே சொல்லியிருக்கிறான். ஆகவே இது அதுதான் என்று தீர்மானித்து, அடுத்தவர் வழிபாட்டில் மூக்கை நுழைக்கக் கூடாதென்று, பிரஷ்ஷை வாயிலிருந்து எடுத்துவிட்டு, பன்னிரண்டாவது சொம்பு முடியும்வரை வாய் நிறைய நுரையோடு தலைகுனிந்து நிற்பார். பன்னிரண்டு பதின்மூன்று வருஷம்! அந்தப் பயல் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறான்!

"அட அயோக்கியப் பயலே!" என்று கத்தினார். சுந்தரவல்லி இரண்டடி பின்வாங்கினாள்.

"தங்கச்சி, அவன் எந்த இடத்துல ஊத்துவான்? சரியாக் காட்டுங்க!"

அவள் காட்டிய இடத்தில்தான் செம்புத் தகட்டின் கம்பி மண்ணுக்குள் இறங்கியது.

ஞானையா மண்டியிட்டு விரலால் கீறிப் பார்த்தார். சரளைமண் ஓடு மாதிரி இறுகி, கம்பியைச் சுற்றி விரிசல் விட்டிருந்தது. எழுந்தபோது அவர் முகம் பள்ளிக்கூடத்து நாட்களில் இருந்தது போல இருந்தது.

"தோத்தாத்ரி! பெட்டியை விட்டுட்டு வா. கிணத்துல இருந்து தண்ணி சேந்து!"

"என்ன மாமா?"

"பூமி கெட்டுப்போச்சுடா! பூமிதான்! காஞ்ச மண்ணு மின்சாரத்தை விடாது. ஈரம் இருந்தாத்தான் விடும். ஈரத்துல மண்ணோட உப்பு கரையும், அந்த உப்புத்தண்ணிதான் கரண்டைச் சுமந்துகிட்டுப் போகும். என் வீட்டுத் தகடு துவைக்கிற கல்லுக்கிட்ட. என்னிக்கும் ஈரம். நான் யோசிக்கவே வேண்டியிருக்கல. உங்கப்பன் தகடு வறண்ட சுவரோரம். அவன் சிக்னல்காரன், அவனுக்குத் தெரியும். அதனால தினம் தண்ணி ஊத்தியிருக்கான். எனக்கு மந்திரம்னு காட்டிட்டான், உங்கம்மாவுக்கு ஜெபம்னு சொல்லிட்டான். அவன் முணுமுணுத்தது மந்திரமே இல்லடா, ஒண்ணு ரெண்டு மூணுன்னு எண்ணியிருக்கான்!"

தோத்தாத்ரி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சேந்தினான். ஒரு வாளிக்குச் சரியாகப் பன்னிரண்டு சொம்பு பிடித்தது. முதல் வாளியை மண் புஸ்ஸென்ற சத்தத்தோடு விழுங்கிவிட்டது. ஞானையா உள்ளே ஓடிக் கைப்பிடியைச் சுற்றினார். ஒன்றுமில்லை.

"மூணு மாசத் தாகம்டா அது. ஊத்து!"

இரண்டாவது வாளி. மூன்றாவது. நான்காவதில் தண்ணீர் உடனே இறங்காமல் கொஞ்சம் தேங்கி நின்றது. மறுபடி ஓடினார். சுற்றினார்.

காலிமனைக்கு அப்பால், அவர் வீட்டுக்குள்ளே, மணி அடித்தது. ஜன்னல் வழியாகவே கேட்டது. கா கா என்று கம்பியிலிருந்து ஒரு காக்கை எழும்பிப் பறந்தது.

"யாரு?" என்றாள் ரத்தினபாய். காதுக்குள்ளேயே நின்று கேட்பது போல இருந்தது.

ஞானையா எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லிமுடித்தார். தகடு, ஈரம், பெருமாள், பேதுரு, பல் பிரஷ், எல்லாம். ரத்தினபாய்க்கு ஒரே ஒரு சந்தேகம்தான்.

"பன்னிரண்டு பேருக்கும்னா, யூதாஸுக்கும் ஒரு சொம்பு ஊத்தியிருக்காரா உங்க சிநேகிதர்?"

ஞானையா சிரிக்கத் தொடங்கினார். சிரித்துச் சிரித்து, கடைசியில் துண்டால் கண்ணைத் துடைக்கவேண்டி வந்தது. ரிசீவரைச் சுந்தரவல்லியிடம் கொடுத்தார். அவள் அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "கேக்கறதா?" என்றாள். ரத்தினபாய்க்குக் கேட்டது.

தோத்தாத்ரி வாசற்படியில் ஈரக்காலோடு நின்றான். "டிக்கெட்டைக் கேன்சல் பண்ணிடறேன்" என்றான். பிறகு, "ஆனா மாமா, இந்த வெயில்ல நாளைக்கே மறுபடி காஞ்சுடுமே?" என்று கேட்டான்.

"கேட்டியே, அது கேள்வி!" என்றார் ஞானையா. அலமாரியிலிருந்து ஒரு அட்டையை எடுத்து, பள்ளிக்கூடத்துக் கரும்பலகையில் எழுதுவது போலக் கொட்டை எழுத்தில் எழுதி, டெலிபோனுக்குமேல் ஆணியில் மாட்டினார்:

"தினமும் காலையில் பின்சுவரோரம் கம்பி இறங்கும் இடத்தில் பன்னிரண்டு சொம்பு தண்ணீர் ஊற்றவும். மழை பெய்த நாளில் வேண்டாம்."