தீக்குச்சியின் கடைசி வாரம்

மகள் வீட்டைவிட்டுப் போய் இது மூன்றாம் நாள். "நல்லாத்தான் இருக்கேன், தேடாதீங்க" என்று ஒரு செய்தி அனுப்பிவிட்டு போனை அணைத்துவிட்டாள். ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்தாயிற்று. சொந்தக்காரர்களிடமெல்லாம் கேட்டாயிற்று. இனிச் செய்ய ஒன்றும் இல்லாததால் அம்மாக்காரி இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். ஓட்டல் சலவைக்கூடத்தில் அவளுக்கு அதுதான் வேலை. ஞாயிற்றுக்கிழமையும் கை அதையே தேடியது. மகளின் பள்ளிச் சீருடையில் காலர், தோள், கை என்று வழக்கமான வரிசையில் பெட்டி நகர்ந்தது. அழுகை வருமா என்று பார்த்தாள். வரவில்லை.

பஸ் டிப்போ மெக்கானிக்கான கணவன் வாசல் கதவுக்கு எதிரே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருந்தான். "போறதுன்னா அப்படியே போயிடு" என்று மகளைப் பார்த்துச் சொன்ன வாய் அவனுடையதுதான். மூன்று நாளாக அந்த வாயில் சோறு இறங்கவில்லை.

"ஏ இஸ்திரி," என்றான். கல்யாணத்துக்கு முன்பே அவன் வைத்த பேர். "டிவியில அந்த நாடகம் வருமே, ஞாபகம் இருக்கா? மில் குடியிருப்புப் பசங்க கதை."

"தீக்குச்சின்னு ஒருத்தி வருவாளே?"

"அதான்."

மறக்குமா? அப்போது இருவரும் பக்கத்துப் பக்கத்து வீடு. வியாழக்கிழமையானால் தெருவே அடங்கிவிடும். திருடி மாட்டிக்கொள்கிற பையன், பள்ளியிலிருந்து விரட்டப்பட்டவன், அப்பனோடு சண்டை போட்டு ஓடிப்போகிற தீக்குச்சி. நாடகத்தில் எல்லாரும் இவர்கள் தெருப் பிள்ளைகள் மாதிரியே பேசுவார்கள், முறைப்பார்கள். கடைசி வாரம் அவனுக்கு வேலை. "ஒண்ணு விடாம பார்த்துச் சொல்லணும்" என்று சொல்லிவிட்டுப் போனான். அன்று பார்த்துக் கரண்ட் போய்விட்டது. மறுநாள் ஆவலாய் வந்து நின்ற அவன் முகத்தைப் பார்த்ததும் பார்க்கவில்லை என்று சொல்ல மனசு வரவில்லை. தீக்குச்சி திரும்பி வந்துவிட்டதாகக் கதை கட்டிவிட்டாள்.

"அவ வந்துட்டாதானே?"

பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். "நான் அதைப் பாக்கவே இல்லைங்க. கரண்ட் இல்ல. சும்மா சொன்னேன்."

"தெரியும். உங்க வீட்டுக்கு மட்டுமா கரண்ட் போச்சு? நான் உன்கிட்ட வர்றதுக்கு முன்னாடியே டிப்போ வெல்டர் முழுக்கதையும் சொல்லிட்டான்."

"தெரிஞ்சேவா வாயப் பொளந்து கேட்டீங்க?"

"அவ்வளவு அழகா புளுகுன. கட்டுனா இவளத்தான் கட்டணும்னு அன்னிக்குத்தான் முடிவு பண்ணேன்."

வேறு நாளாக இருந்தால் சிரித்திருப்பாள். "வெல்டர் என்ன சொன்னாரு? வந்தாளா அவ?"

அவன் கதவையே பார்த்தான். "அவன் கிடக்கான். நீ சொன்னதைச் சொல்லு."

சட்டையை ஹேங்கரில் மாட்டி, மேல் பொத்தானை மட்டும் போட்டாள். விரல்கள் யாருடையவோ போல இருந்தன.

"மழை கொட்டுது," என்று ஆரம்பித்தாள். "அப்பன் தட்டு முன்னாடி உக்காந்திருக்கான். சாப்பிடல. கதவு தாழ்ப்பாள் போடல, சும்மா சாத்தியிருக்கு..."

அவன் எழுந்து போய்த் தாழ்ப்பாளை நீக்கி, கதவை மெல்லச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தான்.

"ம். அப்புறம்?"