நாற்பத்தொன்றாம் வரிசைக் கணவர்

1

இந்தக் கதையை எழுதவே கூடாது என்று செலின் மேரி என்னிடம் சத்தியம் வாங்கினாள். அவள் வாங்கும்போதே நான் மனசுக்குள் தலைப்பு தேடிக்கொண்டிருந்தேன்.

முதல் தொடக்கம்: ‘1988. பாகூர் ஏரி நிரம்பித் தளும்பிய ஒரு...’ வேண்டாம். ஏரிக்கு இதில் வேலை கிடையாது.

2

செலின் மேரி வில்லியனூரிலிருந்து பஸ் பிடித்து வந்து பாகூர்ப் பக்கத்து ஆபீஸில் கம்ப்யூட்டர் தட்டுபவள். (எந்த ஆபீஸ் என்று கேட்காதீர்கள், அதைக் கட்டியவன் நான்தான்.) புள்ளிவிவரத்துக்கென்றே உண்டான ஒரு கணினி மொழி அவளுக்கு அத்துப்படி.

இலவச மனை கேட்ட அறுபது பெண்கள், இரண்டு பட்டியல்கள். ஒன்றில் ரேஷன் கார்டில் உள்ள கணவர் பெயர். மற்றதில், “வீட்டுக்காரர் பேர் என்ன?” என்று கேட்டதற்கு அந்தப் பெண் சொன்ன பதில், சொன்னது சொன்னபடி.* முதல் பட்டியலின் முதல் பேர் மற்றதன் முதல் வரியில் இருக்கிறதா, இரண்டாவது பேர் இரண்டாவது வரியில் இருக்கிறதா என்று ஜோடி ஜோடியாகத் தேட வேண்டும். ‘இல்லை’ என்று வந்தால் மனை இல்லை.

அறுபதும் ‘இல்லை’.

பின்னே? அந்த ஊர்களில் புருஷன் பேரை எவள் சொல்வாள்? குழந்தைவேலின் மனைவி கனகாம்பாள் சொன்னது: “பழனி மலைல கோவணத்தோட நிக்கிறாரே, அவரு.” அய்யனாரின் மனைவி விஜயகுமாரி: “ஊரு எல்லைல குதிர மேல குந்திகினு மீசைய முறுக்கறாரே!”

செலின் மேரி வயிறு வலிக்கச் சிரித்தாள். பிறகு முதல் பட்டியலைத் திருத்தினாள். குழந்தைவேலுக்குப் பதில் ‘பழனி’, அய்யனாருக்குப் பதில் ‘குதிர’. ஐம்பத்தொன்பது ‘சரி’ வந்தது.

*இங்கிலீஷ் எழுத்தில்தான் அடித்தாள். தமிழில் தருவது என் உபயம்.

3

நாற்பத்தொன்றாவது வரி தையலம்மாளுடையது: “செத்தாலும் சொல்ல மாட்டேன்.”

(இவளை அழுகிற பெண்ணாக எழுதிப் பார்த்தேன். ஒட்டவில்லை. கிழித்துவிட்டேன்.)

ஆபீஸுக்கே வந்தாள்.

“ஒரே ஒரு வாட்டி அவரு பேர சொல்லிடுங்கக்கா,” என்றாள் செலின் மேரி.

“நான் இன்னா மரியாதைக்கா சொல்லாம இருக்கேன்? வுட்டுட்டு ஓடி எட்டு வருசம் ஆவுது. அந்தப் பேர வாயால சொல்றதில்லன்னு அன்னிக்கே கற்பூரம் அடிச்சிட்டேன்.”

“மனை போயிடும்க்கா.”

“அண்ணன் வூட்டு மாட்டுக் கொட்டாயில ரெண்டு பொண்ணுங்களோட கெடக்கறேன்மா. மனை வேணும். அவன் பேரு வேணாம்.”

செலின் மேரிக்குக் கோபம் வந்தது, யார்மேல் என்றுதான் தெரியவில்லை.

4

முடிவு அ: தையலம்மாள் பேரைச் சொல்கிறாள், மனை கிடைக்கிறது. எழுதிய எனக்கே வாய் கசந்தது. அடித்துவிட்டேன்.

முடிவு ஆ: அவள் சொல்லவில்லை, கொட்டாயிலேயே அந்த ரெண்டு பொண்ணுங்களும்... போதும், இதை முடிக்க மாட்டேன்.

செலின் மேரி எனக்காகக் காத்திருக்கவில்லை. முதல் பட்டியலின் நாற்பத்தொன்றாவது கட்டத்தில் ‘சொல்ல மாட்டேன்’ என்று அடித்துத் தட்டினாள். கம்ப்யூட்டருக்கு ரோஷம் கிடையாது. ‘சரி’ என்றது.

தாள் அச்சாகி அதிகாரி மேசைக்குப் போயிற்று. ‘பெயர்: தையலம்மாள். கணவர்: சொல்ல மாட்டேன். சரி.’

அந்த அதிகாரியைப் படைக்க எனக்குச் சோம்பல். நாற்காலி காலிதான், நீங்களே உட்காருங்கள். இதோ பேனா. வாசலில் தையலம்மாள் நிற்கிறாள். கையெழுத்துப் போடுவதும் போடாததும் உங்கள் இஷ்டம். அவளைக் கூப்பிட்டு அந்தப் பேரை மட்டும் கேட்டுவிடாதீர்கள்.