இரண்டாவது ஸ்லொட்

எனக்கு மூக்குக்கு மேலே கோபம் வரும் என்பது பலாங்கொடை டவுனில் எல்லோருக்கும் தெரியும். இருந்தாலும் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கும் என் கம்ப்யூட்டர் கடைக்குத்தான் வருவார்கள். சண்முகநாதன் கத்துவான், ஆனால் பழுதைக் கண்டுபிடிக்காமல் விடமாட்டான் என்று எனக்கொரு பேர் இருந்தது. போன வெள்ளிக்கிழமை மத்தியானம் வரைக்கும் இருந்தது.

அதற்கு முதல்நாள் பிற்பகல் டிலானி வந்தாள். பன்னிரண்டாம் கட்டைத் தோட்டத்துப் பிள்ளை, வயது இருபத்திரண்டு. ஒரு கம்ப்யூட்டருக்கு வேண்டிய பாகங்களை மூன்று மாதமாக என்னிடம் ஒவ்வொன்றாக வாங்கிச் சேர்த்திருந்தாள். எல்லாவற்றையும் ஒரு உரப்பையில் போட்டுக் கொண்டுவந்து மேசையில் பரப்பிவிட்டு, "நானே சேத்துப் பூட்டுறேன் அங்கிள். நீங்க பாத்துக்கிட்டு மட்டும் இருங்க" என்றாள்.

என் மேசையில் இன்னொருவர் ஸ்க்ரூ டிரைவர் பிடிப்பது எனக்கு ஆகாது. "போன்ல வீடியோ பாத்துப் படிச்சியோ?" என்று குத்தலாகக் கேட்டேன்.

"ஆமா அங்கிள், நாப்பது தடவ பாத்தேன்" என்று சந்தோஷமாகச் சொன்னாள். குத்தல் அவளுக்கு உறைக்கவேயில்லை.

சும்மா சொல்லக்கூடாது, நன்றாகவே பூட்டினாள். மதர்போர்டை அவசரப்படாமல் இறக்கி, ஆணிகளை மூலைக்கு மூலை மாற்றி மாற்றி இறுக்கினாள். வயர்களைக் கொண்டை போடுவதுபோல ஒதுக்கிக் கட்டினாள். மெமரி இரண்டு தேவை. அவளுடைய போர்டுக்குப் பொருந்துவது கடையில் ஒன்றுதான் இருந்தது. மற்றது மறுநாள் காலை இரத்தினபுரி பஸ்ஸில் வரவேண்டும். ஆகவே பக்கமூடி இல்லாமலே பெட்டியை மேசையில் படுக்கவைத்தோம். விண்டோஸ் ஏற்றுவதைக் காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்றேன்.

"காலையில கட்டாயம் முடிஞ்சிரணும் அங்கிள்" என்றாள். "ரெண்டு மணிக்கு ஒன்லைன்ல பரீட்ச. கொழும்புல ஒரு கம்பெனி. சிங்களத்துல பேசுறதக் கேட்டு தமிழ்ல எழுதிக் குடுக்கணும். வீட்டிலிருந்தே செய்யலாம். ஆனா பரீட்ச எழுதுற மெஷின்லதான் வேலையும் செய்யணுமாம். எரவல் மெஷின் எடுக்க மாட்டாங்க. எட்டு ஜீபி மெமரி இல்லாட்டி அவங்க சோப்ட்வெயார் தொறக்கவே தொறக்காது."

"முடியாமப் போனா?"

"ஞாயித்துக்கெழம கொழும்பு பஸ். அத்த நிக்கிற துணிக்கடையில எனக்கும் எடம் சொல்லி வச்சிருக்காங்க. இந்தப் பொட்டி ஓடலைன்னா மறுபேச்சு இல்லன்னு அப்பா சொல்லிட்டாரு." உரப்பையை மடித்தபடி, "எனக்குப் போக விருப்பமில்ல அங்கிள்" என்றாள்.

அந்தக் கடைசி வார்த்தை எனக்குள் எங்கேயோ போய் உட்கார்ந்துகொண்டது.

வெள்ளிக்கிழமை கடை திறந்ததும் எனக்குப் பூசை. சாம்பிராணி காட்டுவேன். பிறகு மேசைமேல் எந்த மெஷின் இருந்தாலும் மாவிலையால் இரண்டு துளி மஞ்சள் தண்ணீர், விரலால் கொஞ்சம் திருநீறு. இருபத்திரண்டு வருசமாக இதுதான் வழக்கம். பௌத்த விகாரையிலிருந்து, அந்தப் பன்சலையிலிருந்து, பழுதுபார்க்க வந்த கம்ப்யூட்டருக்கும் பூசியிருக்கிறேன். அங்குள்ள பிக்கு, ஹாமுதுரு, சிரித்துக்கொண்டே வாங்கிப்போனார். அன்றைக்கு டிலானியின் பெட்டிக்கு வந்ததும், அந்தப் பிள்ளைக்கு நல்லபடியாக அமையட்டும் என்று மனதார வேண்டிக்கொண்டேன். ஒரு சிட்டிகை கூடவே தூவினேன்.

எட்டரைக்கு இரத்தினபுரி பஸ் கண்டக்டர் மெமரிப் பொட்டலத்தைத் தந்துவிட்டுப் போனார். நானே அதை இரண்டாவது ஸ்லொட்டில் வைத்து அழுத்தினேன். டக்கென்று உட்கார்ந்தது. டிலானி வந்ததும் பென் டிரைவைச் செருகி வேலையைத் தொடங்கினோம்.

விண்டோஸ் ஏறுவது நூற்றுக்கு முப்பத்தினாலு வீதத்தில் நின்றது. ஏதோ ஒரு கோப்பு கெட்டுப்போயிருக்கிறது என்று திரையில் வந்தது.

"பென் சரியில்ல" என்றேன். வேறு பென்னில் புதிதாக ஏற்றிச் செருகினேன். அறுபத்தொன்று வரை போய் நீலமாகித் தானே ரீஸ்டார்ட் ஆனது. முன்பக்கத்து ஓட்டையை விட்டுப் பின்பக்கத்தில் செருகினோம். பதினேழு. எஸ்.எஸ்.டி.யை மாற்றிப் பார்த்தேன், அதன் வயரையும் மாற்றினேன். நாற்பத்தெட்டு. மணி பதினொன்றாகிவிட்டது. என் சத்தமும் கூடிவிட்டது.

"நேத்தே நான் பூட்டியிருக்கணும். வீடியோ பாத்து கம்ப்யூட்டர் பூட்டினா இப்படித்தான். எந்த ஆணிய எங்க முறுக்கினியோ!"

அவள் மதர்போர்ட் வந்த அட்டைப்பெட்டியின் ஓரத்தில் அந்த எண்களை வரிசையாக எழுதிவைத்திருந்தாள். அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு மெதுவாகச் சொன்னாள்: "பென்னுல கோளாறுன்னா ஒரே எடத்துலதானே நிக்கணும் அங்கிள்? இது ஒவ்வொரு தடவையும் எடம் மாறுது. மெமரியா இருக்குமோ? ஒண்ணக் கழட்டிட்டுப் பாப்போமா?"

அதை நான் அல்லவா முதலில் சொல்லியிருக்கவேண்டும்! கத்துகிற மும்முரத்தில் மூளை எங்கேயோ போய்விட்டிருந்தது. "ம், பாரு பாரு" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

இரண்டாவது ஸ்லொட்டில் இருந்ததை அவள் கழற்றினாள். விண்டோஸ் நிற்காமல் நூறு வரைக்கும் போய் ஏறிவிட்டது. கழற்றிய மெமரியை முதலாவது ஸ்லொட்டில் போட்டுப் பார்த்தாள். அதுவும் நன்றாகவே ஓடியது. இரண்டாவது ஸ்லொட்டில் எதைப் போட்டாலும் மறுபடி நீலத்திரை. ஆக மெமரி இரண்டும் நல்லவை. போர்டில் அந்த ஒரு ஸ்லொட்தான் பழுது. ஒரு மெமரி நாலு ஜீபி. பரீட்சைக்கு எட்டு வேண்டும். வேறு போர்ட் கொழும்பிலிருந்து வரத் திங்கட்கிழமையாகும்.

"போர்ட இறக்குறப்ப அழுத்தியிருக்கே. ஸ்லொட் வெடிச்சிருக்கும்" என்றேன்.

அவள் டோர்ச்சை வாங்கிக் குனிந்து அந்த ஸ்லொட்டுக்குள் அடித்துப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு டோர்ச்சை அணைத்து மேசையில் வைத்தாள். என் முகத்தைப் பார்க்காமல், "என் கைதான் பட்டிருக்கும் அங்கிள்" என்றாள்.

உண்மையைச் சொன்னால், அதைக் கேட்டு எனக்கு நெஞ்சு குளிர்ந்தது. நான் சொன்னது சரியாகப் போயிற்றே!

பன்னிரண்டரைக்கு அவளுடைய அப்பா முத்துவீரன் வந்தார். தேயிலை கவ்வாத்து வெட்டுகிறவர். அன்றைக்கு அரைநாளோடு நிறுத்திக்கொண்டு, தேய்த்த சட்டையோடு வந்திருந்தார். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார்.

"ஓடுதுங்களா மொதலாளி?"

"எங்க ஓடுறது? ஒங்க மக போர்ட ஒடச்சிட்டா. பழக்கமில்லாத கை."

அவர் மகளைப் பார்த்தார். "நான் சொன்னேன்ல. இதெல்லாம் நமக்குச் சரிப்பட்டு வராது. எடுத்து வை, போவோம்" என்றார். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை, தாழ்ந்த குரலில்தான் சொன்னார். டிலானி தலையைக் குனிந்தபடியே வயர்களைச் சுற்றத் தொடங்கினாள். அவள் கண்ணிலிருந்து ஒரு சொட்டு அந்த அட்டைப்பெட்டியில் விழுந்தது.

எனக்குச் சங்கடமாகத்தான் இருந்தது. ஆனாலும் பேர் முக்கியமல்லவா? மொதலாளி ஏமாற்றிவிட்டார் என்று நாளைக்கு யாரும் சொல்லிவிடக்கூடாது. "வாங்க முத்துவீரன், வெடிப்ப நீங்களே பாருங்க" என்று அவரைக் கூப்பிட்டு, டோர்ச்சை எடுத்து அடித்தேன்.

வெடிப்பு இல்லை. ஸ்லொட்டின் அடியில், பித்தளைப் பற்களுக்கு நடுவில், வெள்ளையாக எதுவோ அப்பியிருந்தது. அதன் ஓரத்தில் காய்ந்த மஞ்சள் கறை. டோர்ச்சைப் பிடித்திருந்த என் விரலைப் பார்த்தேன். நகத்துக்குள் அதே மஞ்சள் இருந்தது.

இருபத்திரண்டு வருசமாக மூடியுள்ள பெட்டிகளுக்குத்தான் பூசியிருக்கிறேன். இது திறந்து கிடந்த பெட்டி, ஆளில்லாத ஸ்லொட். அதற்குள் திருநீற்றையும் மஞ்சள் தண்ணீரையும் கொட்டி, அதன்மேல் மெமரியை வைத்து அழுத்தியவன் நான்.

வாயை மூடிக்கொண்டு துடைத்துவிட்டு, "எப்படியோ சரிப்பண்ணிட்டேன்" என்று சொல்லியிருக்கலாம். பெட்டியும் ஓடும், என் பேரும் நிற்கும். ஒரு நிமிடம் அப்படி நினைக்கவும் செய்தேன். ஆனால் முத்துவீரன் மகளின் கைகளைப் பார்த்துக்கொண்டு நின்ற விதம் என்னால் தாங்கமுடியவில்லை.

"ஒங்க மக ஒண்ணும் ஒடைக்கல" என்றேன். "நான்தான். காலையில பூச வச்சப்ப திருநீற உள்ளுக்குக் கொட்டிட்டேன். தப்பு முழுக்க என்னோடது."

"திருநீறுங்களா?" முத்துவீரன் குனிந்து பார்த்தார். நிமிர்ந்து மகளிடம், "நீயும் டோர்ச் அடிச்சுப் பாத்தியா?" என்று கேட்டார்.

அவள் தலையாட்டினாள்.

எனக்கு அப்போதும் கோபம்தான் முதலில் வந்தது. "பின்ன ஏன் புள்ள சொல்லல? ஒன் தப்புன்னு ஏன் சொன்னே?"

"எனக்கு நல்லது நடக்கணும்னுதானே அங்கிள் வச்சீங்க?" என்றாள். "அதப் போயி கோளாறுன்னு ஒங்க மூஞ்சிக்கு நேரா எப்புடிச் சொல்றது? நீங்க சாப்பாட்டுக்குப் போனதும் தொடச்சிரலாம்னு இருந்தேன். அதுக்குள்ள அப்பா வந்துட்டாரு."

வெட்கம் என்றால் என்னவென்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. காலையிலிருந்து அவளை ஏசியிருக்கிறேன். அவளோ என் முகம் வாடக்கூடாதென்று கொழும்பு பஸ்ஸில் ஏறுகிற அளவுக்குப் போயிருக்கிறாள்.

ஸ்பிரிட் போத்தலையும் புது பிரஷ்ஷையும் எடுத்து அவள் முன்னால் வைத்தேன். "நீயே செய். என் கை வேணாம்" என்றேன். பல் பல்லாகத் துடைத்தாள், காற்றடித்தாள், காயவிட்டாள். இரண்டு மெமரியையும் போட்டு இரண்டு தரம் சோதித்தோம். ஒரு பிழையும் வரவில்லை. விண்டோஸ் சண்டித்தனம் பண்ணாமல் திறந்தது. கம்பெனியின் சோப்ட்வெயார் மெஷினை அளந்து பார்த்து, எட்டு ஜீபி என்பதற்கு நேரே பச்சையாகச் சரி போட்டது. மணி ஒன்று ஐம்பது.

ஹெட்போனை எடுத்தவள் என் பக்கம் திரும்பினாள்.

"திருநீறு மிச்சம் இருக்கா அங்கிள்?"

"இன்னுமா?" என்றேன் திடுக்கிட்டு.

"மெஷினுக்கு வேணாம். எனக்கு வைங்க."

மூன்று விரலால் அவள் நெற்றியில் பூசினேன். கண் கலங்கிவிட்டது. அதை மறைக்க நான் மெனக்கெடவில்லை.

அவள் கடைக்குள்ளேயே பரீட்சை எழுதட்டும் என்று ஷட்டரைப் பாதிக்கு இறக்கிவிட்டு நானும் முத்துவீரனும் வெளியில் பெஞ்சில் உட்கார்ந்தோம். ஹோர்ன் அடித்துக்கொண்டு வந்த ஆட்டோக்காரனை, "சத்த கரன்ன எபா மல்லி", சத்தம் போடாதே தம்பி, என்று சிங்களத்தில் கையெடுத்துக் கும்பிட்டு அடக்கினேன். நான் கும்பிட்டதைப் பார்த்து அவனே பயந்துபோனான்.

இரண்டே கால் இருக்கும். முத்துவீரன் போனை எடுத்து கொழும்பிலிருக்கும் தன் அக்காவைக் கூப்பிட்டார்.

"அக்கா, ஞாயித்துக்கெழம புள்ள வராது. கடையில சொல்லிருங்க... இல்ல, பரீட்ச இப்பத்தான் எழுதிக்கிட்டிருக்கு. பாஸா ஃபெயிலான்னு எனக்கு எப்புடித் தெரியும்? அதுக்காக இல்லக்கா. பலாங்கொட மொதலாளியாலயே கண்டுபிடிக்க முடியாத பழுத நம்ம டிலானி கண்டுபிடிச்சிருக்கு. அது இங்கயே இருக்கட்டும்."

பஸ் ஸ்டாண்டில் நாலு பேருக்குக் கேட்கும்படியாகத்தான் சொன்னார். நான் மறுத்துப் பேசவில்லை.