நார்மல் ரத்தம்

மருத்துவ உலகத்துக்கு இதனால் அறிவிப்பது என்னவென்றால், புத்தம்புது நோய் ஒன்று கண்டுபிடிக்கப்பட்டுவிட்டது. சேதி இன்னும் வெளியே போகவில்லை. ரத்தப் பரிசோதனைக்கூடத்தின் தலைமை டாக்டருடைய நெஞ்சுக்குள் மட்டும் மேளம் கொட்டிக்கொண்டிருந்தது.

நோயாளி வேறு யாருமில்லை, அவருடைய சொந்தத் தம்பி. குடலிறக்க ஆபரேஷனுக்கு முன்னால் எடுத்த ரத்தம். மருந்து சேர்த்தால் அரை நிமிஷத்தில் உறைந்தாக வேண்டும். இதுவோ மூன்று நிமிஷம் தாண்டியும் அசைந்துகொடுக்காமல் தண்ணீராகவே நின்றது. ஆபரேஷனை நிறுத்திவிட்டார்கள்.

அடுத்தது கலப்புச் சோதனை. நார்மல் ஆளின் பிளாஸ்மாவை, அதாவது ரத்தத்தின் நீர்ப்பகுதியை, சரிபாதி கலக்க வேண்டும். ரத்தத்தில் ஏதாவது குறைந்திருந்தால் அது ஈடுகட்டிவிடும், உறையும். அப்போதும் உறையாவிட்டால், உறைவதைத் தடுக்கிற எதிரி எவனோ உள்ளே ஒளிந்திருக்கிறான்.

"சார், நார்மல் பிளாஸ்மா தீந்துபோச்சு. பத்திருபது பேர்கிட்ட எடுத்துக் கலக்கணும்," என்றாள் டெக்னீஷியன்.

"பத்திருபது பேர் எதுக்கும்மா? நான் குத்துக்கல்லாட்டம் நிக்கிறேனே!" சட்டைக் கையைச் சுருட்டிவிட்டார். "இதைவிட நார்மல் எங்க கிடைக்கும்?"

கலந்தார்கள். உறையவில்லை.

டாக்டருக்குத் தலைகால் புரியவில்லை. தன் ரத்தத்தையே மண்ணைக் கவ்வவைத்த எதிரி என்றால் சும்மாவா! மேடை, மைக், எழுந்து நின்று கைதட்டும் கூட்டம் எல்லாம் கண்முன் வந்தன. வார்டுக்கு ஓடினார்.

"டேய், உலகத்துல யாருக்குமே வராத நோய்டா உனக்கு!"

காலையிலிருந்து பட்டினி கிடந்த தம்பி முறைத்தான். "லாட்டரி விழுந்த மாதிரி சொல்றீங்க. பிழைப்பேனா?"

"அதை அப்புறம் பாக்கலாம். நோய்க்கு என் பேரை வைக்கப்போறேன். ஆட்சேபணை இல்லையே?"

"நோய் எனக்கு, பேர் உங்களுக்கா? சின்ன வயசுல சைக்கிளும் இப்படித்தாண்ணே. தள்ளினது நான், ஓட்டினது நீங்க."

காதில் விழவே இல்லை. கட்டுரை எழுத உட்கார்ந்தவருக்கு ஒரு வரி குறைந்தது: நார்மல் பிளாஸ்மா தனியாக எத்தனை நொடியில் உறைந்தது? "என்னோடதை மட்டும் போடும்மா, சட்டுனு."

போட்டாள். மூன்று நிமிஷம் தாண்டியது.

"மெஷின் கோளாறு!"

இன்னொரு மெஷினிலும் அதே கதை. டாக்டரின் கை தானாக மோவாய்க்குப் போனது. காலையில் சவரம் செய்தபோது வெட்டிக்கொண்ட இடம், சமர்த்தாகக் காய்ந்திருந்தது.

"சார்," டெக்னீஷியன் சிரிப்பை அடக்கிக்கொண்டு கேட்டாள், "அவர் உங்க கூடப்பிறந்த தம்பிதானே?"

பக்கத்து லேபில் நார்மல் பிளாஸ்மா கடன் வாங்கிக் கலந்தார்கள். தம்பியுடையது உறைந்தது. அண்ணனுடையதும் உறைந்தது. எதிரி எவனும் இல்லை. ஒவ்வொன்றாகச் சோதித்துப் பார்த்ததில், ரத்தத்தை உறையவைக்கும் பொருள்களில் ஒரே ஒன்று, பன்னிரண்டாம் காரணி, பிறவியிலேயே இருவருக்கும் இல்லை.

அது இல்லாவிட்டால் சோதனைக் குழாயில் ரத்தம் உறையத் தாமதமாகும். உடம்புக்கு ஒன்றும் ஆகாது. மருந்தும் தேவையில்லை. பேரும் எப்போதோ வைத்தாகிவிட்டது.