மாப்பிள்ளையின் குரலைப் பற்றி ஒருவரும் எழுதவில்லை

ஜனங்களுக்குப் படம் பிடித்ததா இல்லையா என்று கண்டுபிடித்துச் சொல்வது என் வேலை. பதினாறு வருஷமாக இதே மேஜை, இதே ஆடுகிற நாற்காலி. படம் வெளியாவதற்கு மூன்று வாரம் முன்னால் இருநூறு பேரைச் சும்மா கூப்பிட்டுப் படத்தைப் போட்டுக் காட்டுவார்கள். வெளியே வரும்போது ஆளுக்கு ஓர் அட்டை, ஒரு பென்சில், ஏழு கேள்வி. அந்த அட்டைகளெல்லாம் என்னிடம் வந்து சேரும். நான் படித்து, ரகம் பிரித்து, ஒரே ஒரு பக்கம் எழுதிக் கொடுப்பேன். மேலே இருப்பவர்கள் அட்டைகளைத் தொட்டுக்கூடப் பார்க்கமாட்டார்கள். என் பக்கத்தைப் படித்துவிட்டு, இருநூறு பேரிடமும் தாங்களே உட்கார்ந்து பேசின மாதிரி அலட்டிக்கொள்வார்கள்.

இதில் ஒரு விதி உண்டு. ஒரே குறையைப் பத்துப் பேருக்கு மேல் எழுதியிருந்தால் அது என் பக்கத்தில் 'குறைகள்' என்ற தலைப்பில் ஏறும். ஏறியதற்குக் கத்திரி நிச்சயம். அதற்குக் குறைவானவர்கள் எழுதியிருந்தால், 'சிலர் சொன்னவை' என்று அடியில் ஒரு வரியோடு போய்விடும். இந்த விதியை வகுத்தவளே நான்தான். என் தலையில் நானே மண்ணை அள்ளிப் போட்டுக்கொண்ட கதை அங்கேதான் ஆரம்பிக்கிறது.

போன மாதம் வந்தது ஒரு விண்வெளிப் பேய்ப் படத்தின் இரண்டாம் பாகம். முதல் பாகம் சக்கைப்போடு போட்டது. எங்கேயோ ஒரு கிரகத்தில் பனிக்கு அடியில் ஒரு ஜந்து, போகிற விஞ்ஞானிகளையெல்லாம் ஒவ்வொருவராக முழுங்கும். எங்கள் ஆபீசில் அந்த ஜந்துவுக்கு மாப்பிள்ளை என்று பெயர். அது வரும்வரை எல்லோரும் வாசலையே பார்த்துக்கொண்டிருப்பதால் அப்படி வைத்தோம். உடம்பு கம்ப்யூட்டரில் செய்தது. குரல் மட்டும் அசல் மனிதக் குரல், என் வீட்டுக்காரருடையது.

அவர் தொழிலே அதுதான். திரையில் அடிபடுகிறவன், சாகிறவன், ஓநாய், கரடி, கூட்டத்தின் கூச்சல், எல்லாம் அவர் தொண்டையிலிருந்து வரும். வீட்டில் மட்டும் பேச்சே கிடையாது. அவருக்கும் சேர்த்து நான் பேசிக்கொண்டிருந்தேன். இரண்டாம் பாகம் பதிவாகிற சமயத்தில்தான் தொண்டையில் புற்று என்று தெரிந்தது. குரல்வளையையே எடுக்க வேண்டும், அதுவரை வாயே திறக்கக் கூடாது என்றார் டாக்டர். இந்த மனுஷன் மூன்று நாள் ஸ்டுடியோவில் போய் நின்று கத்திவிட்டு வந்தார்.

"உங்களுக்குப் புத்தி கித்தி இருக்கா? டாக்டர் தலைதலையா அடிச்சுக்கிட்டாரே!" என்று நான் குதித்தேன்.

"கத்தாம இருந்தா மட்டும் இது இருக்கப் போகுதா?" என்றார். "போறதுதானே. போறதுக்கு முன்னாடி எங்கேயாவது ஒரு இடத்துல இருக்கட்டும்."

கடைசிக் காட்சியில் மாப்பிள்ளை சாகிறது. சாகும்போது தன் குட்டியைக் கூப்பிடுகிறது. அந்த ஓலத்துக்கு அவர் எங்கள் மகளைக் கூப்பிட்டார். வாலு என்றுதான் அவளை வீட்டில் அழைப்போம். இப்போது கல்லூரியில் படிக்கிறாள், இன்னும் வாலுதான். அந்தப் பெயரை இழுத்து இழுத்து, மிருகத்தின் ஊளையாக்கிவிட்டார். எங்கள் மூன்று பேரைத் தவிர வேறு யாருக்கும் அது தெரியாது. மறு வாரம் ஆபரேஷன் ஆயிற்று. இப்போது கழுத்தில் ஒரு ஓட்டை, அதன்மேல் ஒரு துணி, சட்டைப் பையில் சின்ன நோட்டு. அவருடைய குரல் என்று மிச்சம் இருந்தது அந்தப் படத்தில்தான்.

அட்டைகள் வந்தன. வழக்கமான கூத்துதான். 'முதல் பாகம் பாத்துட்டு மூணு நாள் கதவைத் திறந்து வெச்சிட்டுக் குளிச்சேன். இதுல நல்லாத் தூங்கினேன்.' 'அந்த விஞ்ஞானிக்கு மூளையே இல்லையா? தனியாப் போகாதேன்னு போன பாகத்துலயே சொன்னாங்களே!' 'ஊரே செத்துக்கிட்டிருக்கு, கதாநாயகி தலைமுடி மட்டும் கலையவே இல்லை.' ஒரு மகானுபாவர் ஏழு கேள்விக்கும் 'ஏசி போதாது' என்றே எழுதியிருந்தார். நான் தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தேன்.

பிறகு ஒன்று வந்தது. 'மிருகம் கத்தும்போது பயமே வரலை. பாவமா இருந்துச்சு. இது பேய்ப் படமா, அழுகைப் படமா?'

இன்னொன்று: 'கடைசியில அது கத்தினது எங்கப்பா ஆஸ்பத்திரியில கூப்பிட்ட மாதிரி இருந்தது. இதுக்கா நான் வந்தேன்?'

மீதி அட்டைகளையும் புரட்டி எண்ணினேன். மொத்தம் பதினோரு அட்டைகள், எல்லாம் குரலைப் பற்றிய குறை. பதினொன்று என்றால் 'குறைகள்' தலைப்பு, அதற்கப்புறம் கத்திரி. ஒன்றை எடுத்திருந்தால் பத்தாகி, அடியில் ஒரு வரியோடு போயிருக்கும். எண்ணத் தெரியாதவளா நான்? ஆனால் எனக்கு ஆத்திரம். என் மனுஷன் தொண்டையைக் கொடுத்துக் கத்தியிருக்கிறார், இவர்களுக்கு அது குறையா? பதினொன்றையும் உருவிச் சாப்பாட்டுப் பைக்குள் திணித்தேன். பதினாறு வருஷத்தில் ஒரு அட்டையைக்கூட நான் அப்படிச் செய்ததில்லை. பக்கத்தை எழுதி மேலே அனுப்பினேன். அதில் மாப்பிள்ளையின் குரலைப் பற்றி நல்லதாகவும் ஒரு சொல் இல்லை, கெட்டதாகவும் ஒரு சொல் இல்லை. சாமர்த்தியசாலி என்று என்னை நானே மெச்சிக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

பத்து நாள் கழித்து எடிட்டர் என் மேஜைக்கு வந்தார். என்னை அக்கா என்று கூப்பிடுகிற நல்ல பையன். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

"அக்கா, அண்ணன்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியலை. குரலை மாத்திட்டாங்க. மெஷின் சத்தம் போட்டாச்சு."

"ஏன்? யாரு குறை சொன்னது?" என்றேன்.

"யாரும் சொல்லலை, அதான் பிரச்சினையே. டைரக்டருக்கு ஆரம்பத்துலேருந்தே அது பிடிக்கலை, பழைய காலத்து சத்தம்னாரு. ஜனங்க என்ன சொல்றாங்கன்னு பாத்துட்டு முடிவு பண்ணுவோம்னு நான்தான் சண்டை போட்டு நிறுத்தி வெச்சிருந்தேன். உங்க பக்கம் வந்துச்சு. குரலைப் பத்தி ஒரு வரி இல்லை. 'பாத்தியா, இருநூறு பேர்ல ஒருத்தன் காதுலகூட விழலை, மாத்தினா யாருக்குத் தெரியப் போகுது'ன்னுட்டாரு. திட்டியாவது எழுதியிருக்கக் கூடாதா, அக்கா? பாவமா இருக்குன்னு யாராவது எழுதியிருந்தா, 'மனசைத் தொடுது சார்'னு சொல்லி நான் அடம்பிடிச்சிருப்பேனே!"

நான் சாப்பாட்டுப் பையைத் திறந்தேன். அட்டைகளை மேஜைமேல் வைத்தேன். அவர் ஒவ்வொன்றாகப் படித்தார். ஆஸ்பத்திரி அட்டையை இரண்டு தடவை படித்தார். என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்திருக்கும்.

"நேத்துதான் பிரதியெல்லாம் தியேட்டருக்குப் போச்சு," என்றார்.

"பழைய பதிவு இருக்குமில்லையா, தம்பி? அதையாவது குடுங்க, வீட்டுல வெச்சுக்கறோம்."

"சத்தம் மாத்தினா பழசை அன்னிக்கே அழிச்சிடுவாங்க, அக்கா. ரெண்டும் கலந்துடக் கூடாதுன்னு." அட்டைகளை அடுக்கி என் பக்கம் தள்ளிவிட்டு எழுந்தார். "நான் யார்கிட்டயும் சொல்லலை. நீங்க இதை எடுத்துட்டுப் போயிடுங்க."

வீட்டில் சொல்லவில்லை. எனக்கு வாய் நீளம் என்று ஊரே சொல்லும். அந்த வாய் இந்த ஒரு விஷயத்துக்குத் திறக்க மறுத்தது. வாலு முதல் நாள் மத்தியானக் காட்சிக்கு மூன்று டிக்கெட் எடுத்து வந்தாள். "அப்பா, கடைசி சீன்ல நான் அழுதா கிண்டல் பண்ணக் கூடாது," என்றாள். அவர் சிரித்தார். சத்தமில்லாத சிரிப்பு, தோள் மட்டும் குலுங்கும். சலவைச் சட்டை போட்டுக்கொண்டார், கழுத்துக்குப் புதுத் துணி கட்டிக்கொண்டார். நான் தலைவலி என்று சொல்லிப் பார்த்தேன். அப்பாவும் மகளும் விடவில்லை.

முதல் தடவை மாப்பிள்ளை கத்தியபோதே அவருக்குத் தெரிந்துவிட்டது. எனக்கு அந்தப் பக்கம் திரும்பத் தைரியமில்லை. நாற்காலியெல்லாம் அதிர்ந்தது, பின்வரிசையில் வீலென்று அலறினார்கள், கைதட்டினார்கள். நன்றாகத்தான் இருந்தது, பாவிகள். கடைசிக் காட்சி வந்தது. ஜந்து குட்டியைப் பார்த்து வாயைத் திறந்தது. இருட்டில் அவருடைய வாயும் திறந்தது, உதடு அந்தப் பெயருக்குக் குவிந்தது. திரையிலிருந்து வந்தது ஏதோ இரும்பை இரும்பால் அறுக்கிற சத்தம். அவர் மெதுவாக வாயை மூடிக்கொண்டார்.

வெளியே வாசலில் ஒருத்தன் மைக்கோடு நின்றான். வருகிறவர் போகிறவரையெல்லாம் மடக்கிக் கருத்துக் கேட்டுக்கொண்டிருந்தான். "சார், ரெண்டாம் பாகம் எப்படி? பயமா இருந்துச்சா? ஒரே வார்த்தை சார்!" என்று நேரே அவர் வாய்க்கு நீட்டினான். அவர் கழுத்துத் துணியைத் தொட்டுக் காட்டினார். அவனுக்குப் புரியவில்லை. "மைக்கைப் பாத்து சத்தமா சொல்லுங்க சார்!" என்றான். வாலு இடையில் புகுந்து அவன் கையைத் தட்டிவிட்டாள்.

தெருமுனை வரை நடந்தோம். பிறகு அவள் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"கேட்டுச்சுப்பா," என்றாள். "அந்த சத்தத்துக்கு அடியில மெல்லிசா. நீங்க என்னைக் கூப்பிட்டது நல்லாவே கேட்டுச்சு."

அவர் தலையாட்டினார். அவள் கன்னத்தைத் தட்டிக்கொடுத்தார். பொய் என்று அவருக்கும் தெரியும், அவருக்குத் தெரியும் என்பது அவளுக்கும் தெரியும். எனக்கு அந்த இடத்திலேயே செத்துப் போகலாம் போல இருந்தது.

பஸ்ஸுக்காக நின்றபோது அவர் நோட்டை எடுத்து எழுதி என்னிடம் மட்டும் காட்டினார்.

'உன்கிட்ட அட்டை வந்திருக்குமே. என் குரலைப் பத்தி ஒருத்தர்கூட எதுவும் எழுதலையா?'

பதினோரு பேர் எழுதியிருந்தார்கள். வீட்டில் வைக்கப் பயந்து எடுத்து வந்திருந்த பதினொன்றும் என் தோளில் தொங்கிய பைக்குள்தான் இருந்தன. எடுத்துக் கொடுத்தால் தன் குரலைக் கேட்டு அழுதவர்கள் இருந்தார்கள் என்று தெரிந்துகொள்வார். அதை அழித்தது யார் என்றும் தெரிந்துகொள்வார். பையின் வாரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

"இல்லைங்க," என்றேன். "ஒருத்தரும் எழுதலை."

அவர் நோட்டை மூடிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். பிறகு பஸ் வருகிறது என்று கையைக் காட்டினார்.