பூதம் செத்த பிறகும் கேட்ட மூச்சு

"மழை பிடிச்சுக்கிச்சு. பாப்பாவுக்கு மூச்சு இழுத்தாலும் இழுக்கும். மூச்சு மருந்து பம்பு அலமாரி மேல இருக்கு. அவ கூப்பிட்டா உடனே என்னன்னு பாருங்க" என்று குடையைத் தேடிக்கொண்டே சொன்னாள் மனைவி. கடையில் பில் போடும் வேலை அவளுக்கு. ஞாயிற்றுக்கிழமை மதியம் என்றால் லீவு கேட்க வாயே வராது.

"பெத்த அப்பன்கிட்ட விட்டுட்டுப் போறதுக்கு இவ்வளவு பாடமா?" என்று சிரித்தார் கணவர். சிரிக்கும்போதே கை கணினியைத் தட்டி எழுப்பிவிட்டது.

அவர் லிஃப்ட் மெக்கானிக். எங்கேயாவது ஒருவர் லிஃப்டுக்குள் சிக்கி அவசர மணியை அழுத்தினால் போதும், சாப்பிட்ட கையைக்கூடச் சரியாகக் கழுவாமல் ஓடுகிற மனிதர். வேலையில் அவரைக் குறை சொல்ல ஆளே கிடையாது. வீட்டுக்கு வந்து ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டால் மட்டும் இடி விழுந்தாலும் அவர் காதில் ஏறாது.

அவர் ஆடியது இணையத்தில் பலர் சேர்ந்து ஆடும் மாயாஜால விளையாட்டு. அதில் அவர் பூதம் அழைக்கும் மந்திரவாதி. மந்திரம் போட்டதும் தரையைப் பிளந்துகொண்டு கொம்பு வைத்த பூதம் ஒன்று வரும். அது அடிக்கிற அடியில் எதிரி நொறுங்குவான். ஆனால் அதன் கடிவாளத்தைக் கண நேரம் விட்டாலும் திரும்பி நம் ஆட்களையே கடித்துக் குதறும். அதனால் பூதத்தை அழைத்தவர் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவே மாட்டார்.

அன்று அவரோடு இரண்டு பேர். முன்னால் நின்று அடி வாங்குபவனுக்கு 'கேடயம்' என்று பெயர். காயம் ஆற்றும் பெண் 'வைத்தியக்கா'. மூவரும் ஒருவரை ஒருவர் நேரில் பார்த்ததில்லை, பழக்கமெல்லாம் மைக்கில் கேட்கும் குரலோடுதான். பல வாரமாக அவர்களை மண்ணைக் கவ்வ வைத்த குகை அரக்கனை அன்று எப்படியும் தீர்த்துக்கட்டுவது என்று கங்கணம் கட்டியிருந்தார்கள்.

சண்டை தொடங்கியதும் ஐந்து வயது மகள் வந்து சட்டையை இழுத்தாள். அவர் திரும்பாமலே ஒரு விரலைத் தூக்கிக் காட்டினார். ஒரு நிமிஷம் என்று அர்த்தம். அந்த விரலைப் பார்த்துப் பார்த்தே வளர்ந்த பிள்ளை, பேசாமல் நகர்ந்துவிட்டாள். கொஞ்ச நேரத்தில் மேசைக்கு அடியில் ஏதோ காலில் பட்டது. தலையணையாக இருக்கும் என்று பாதத்தால் ஓரமாகத் தள்ளினார்.

"தம்பி, உங்க பூதம் என்ன இன்னைக்கு இப்படி மூச்சு வாங்குது? விசில் மாதிரி கேக்குது" என்றாள் வைத்தியக்கா.

"மழை பெய்யுதுல்ல, சளி பிடிச்சிருக்கும்" என்றார். மூவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

அரக்கன் கதாயுதத்தை ஓங்கி ஒரு போடு போட்டான். பூதம் சுருண்டு விழுந்து சாம்பலாகிப் போனது. "ஐயோ, போச்சே!" என்று அவர் தலையில் கை வைத்தார். மறுபடி அழைக்க மந்திரத்தைத் தேடும்போது, வைத்தியக்காவின் குரல் மாறியிருந்தது.

"தம்பி... பூதம் செத்துப்போச்சு. மூச்சு இன்னும் கேக்குது."

அரக்கன் தன் பாட்டுக்கு அவர்களை அடித்துக்கொண்டிருந்தான்.

"ஒவ்வொருத்தரா மைக்க அணைப்போம். யார் வீட்டுச் சத்தம்னு தெரிஞ்சுரும்" என்ற கேடயம் தன்னுடையதை அணைத்தான். இன்னும் கேட்கிறது என்றாள் வைத்தியக்கா. அவன் திரும்ப இயக்க, அவள் அணைத்தாள். இன்னும் கேட்கிறது என்றான் கேடயம். அவர் அணைத்தார். அப்போது நின்ற சத்தம், திரும்ப இயக்கியதும் மறுபடி கேட்பதாக இருவரும் சொன்னார்கள்.

"உன் வீடுதான் மச்சி" என்றான் கேடயம்.

ஹெட்ஃபோனைப் பிடுங்கிப் போட்டார். கூரையைப் பிய்த்துக்கொண்டு போகிற மழைச் சத்தம். "பாப்பா!" பதில் இல்லை. படுக்கையறையில் போர்வைதான் கிடந்தது. சமையலறை, குளியலறை, கதவு இடுக்கு எங்கும் அவள் இல்லை. வெளியே போய்விட்டாளோ என்று பார்த்தால் வாசல் தாழ்ப்பாள் போட்டபடி இருந்தது. சொந்த வீட்டுக்குள் தன் பிள்ளையைத் தேடத் தெரியாமல் நின்றார். மேசை மேல் கிடந்த ஹெட்ஃபோனில் கேடயம் கத்துவது கொசுவின் ரீங்காரமாகக் கேட்டது. ஓடிப்போய்க் காதில் வைத்தார்.

"மைக்குக்குப் பக்கத்துலதான்! உன் பக்கத்துலயே பாரு!"

குனிந்தார். மேசைக்கு அடியில், அவர் காலால் தள்ளிய அதே மூலையில், முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். உதடு நீலம் பாரித்திருந்தது. ஒவ்வொரு மூச்சுக்கும் கழுத்துக் குழி உள்ளே போய் வந்தது.

பம்பை எடுக்கத் தாவியதில் அலமாரியே ஆடியது. குழாயை வாயில் பொருத்தி அழுத்தினார். ஒன்றும் ஆகவில்லை. மறுபடி அழுத்தினார். "இழுடா கண்ணு, இழு" என்று அழுதார். மார்பு மெல்ல ஏறி இறங்கத் தொடங்கியதும் அவளை அள்ளிக்கொண்டு மழையில் ஓடினார்.

மருத்துவமனையில் முகமூடி வழியாக மருந்துப் புகை போய்க்கொண்டிருந்தது. ஆபத்து தாண்டிவிட்டது என்றார் டாக்டர். கடை உடுப்போடு வந்து சேர்ந்த மனைவி, நடந்ததை முழுவதும் கேட்டாள்.

"பேரு ஊரு தெரியாத ரெண்டு பேருக்குக் கேட்டிருக்கு. காலடியில இருந்தும் உங்களுக்குக் கேக்கல."

"ஆமா" என்றார்.

மகள் முகமூடியை லேசாக விலக்கினாள். "அம்மா, அப்பாவ திட்டாத. நான் சத்தமா கூப்பிடல. சத்தம் போட்டா பூதம் அப்பாவோட ஆளுங்கள கடிச்சிரும்ல?"

அவர் உடைந்துபோய் அழுதார். "பூதம் எப்படியோ போகட்டும்டா" என்றார். "விளையாடுறது தப்பில்ல. நம்மள நம்பி ஒரு உயிர் வீட்டுல இருக்கும்போது காத அடைச்சுக்கிட்டு உக்காந்தேன் பாரு, அதுதான் தப்பு. இனிமே நீ கூப்பிட்டா அப்பா விரலைக் காட்ட மாட்டேன். எழுந்து வருவேன்."

அவள் நம்பியதாகத் தெரியவில்லை. சற்று யோசித்தாள். பிறகு, பார்க்கலாம் என்பதுபோல, மிக மெதுவாகக் கூப்பிட்டாள்.

"அப்பா."

கட்டிலுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தவர், விருட்டென்று எழுந்து நின்றார்.